‘லிட்டில் விமன்’ நாவலை 150 ஆண்டுகள் கடந்தும் ஏன் படிக்கிறார்கள்?

லூயிசா மே ஆல்காட்டின் இந்த நாவலைச் சிறுமிகளுக்கான புத்திமதிக் கதை என்று நினைத்துத்தான் பலரும் எடுக்கிறார்கள். புத்திமதி இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் ஆளை இழுப்பது அந்த வீட்டுச் சண்டைகள்தான்.

அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நான்கு பெண்களும். நாடகத்துக்குத் தன்னைக் கூட்டிப்போகாத கோபத்தில் கடைக்குட்டி ஏமி, அக்கா ஜோ பாடுபட்டு எழுதிய கதைகளை நெருப்பில் போட்டுவிடுகிறாள். ஜோ லேசில் மன்னிப்பதில்லை. அப்புறம் தன் கோபத்தை நினைத்து அவள் அழும்போது, தனக்கும் ஏறக்குறைய தினமும் கோபம் வருகிறது, வெளிக்காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறாள் அம்மா. 1868-இல் ஒரு லட்சியத் தாயின் வாயில் இந்த வார்த்தை!

பெண் என்றால் இப்படித்தான் என்று ஒரே அச்சில் வார்க்கவும் இல்லை. மெக்குக்குக் குடும்பம், ஜோவுக்கு எழுத்து, ஏமிக்கு ஓவியமும் வசதியும், பெத்துக்கு வீடும் பியானோவும்.

முதல் பாகத்தைப் படித்த சிறுமிகள், யாருக்கு யாருடன் கல்யாணம் என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாத ஆல்காட்டுக்கு எரிச்சல். யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை, அவளது பக்கத்து வீட்டுத் தோழன் லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதினார். 1869-இல் வந்த இரண்டாம் பாகத்தில், வயதில் மூத்த பேராசிரியர் ஒருவரை ஜோவுக்கு மணம் முடித்தார். வாசகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நான் ஆல்காட் பக்கம்; லாரியும் ஜோவும் சேர்ந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.