குழந்தைக்கு முந்தைய அந்த நாட்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஒன்றரை வயது. ரொம்ப நாள் காத்திருந்து பிறந்தவள், அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனாலும் அவள் தூங்கியதும் சில நாள் கல்யாணமான புதிதில் எடுத்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதில் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அவள் நினைத்த நேரத்தில் எழுந்தாள், நினைத்த நேரத்தில் குளித்தாள். கணவரிடம் சொன்னால், "நாம ஆசைப்பட்டுப் பெத்த பிள்ளைதானே" என்கிறார். நான் நல்ல அம்மா இல்லையோ?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: நல்ல அம்மாவா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆசைப்பட்டுப் போன புது வேலையில் இருந்துகொண்டு ஒருவர் பழைய ஆபீஸை நினைத்து ஏங்கினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை, பிள்ளை விஷயத்தில் மட்டும் பழசை நினைத்தாலே ஏதோ பாவம் செய்த மாதிரி பார்க்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர் ஓர்னா டோனாத், தாயானதற்காகவே வருந்துகிற 23 பெண்களிடம் பேசி 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அவர்கள்கூடப் பிள்ளைகள்மேல் பாசம் இல்லை என்று சொல்லவில்லை, அம்மா என்கிற பொறுப்புதான் வேண்டாம் என்றார்கள். உங்கள் கடிதத்தில் அந்த வருத்தம்கூட இல்லையே. தூக்கமும் தனிமையும் போதாத ஒரு பெண்தான் அதில் தெரிகிறாள்.

இந்தப் பகுதிக்கு இதே மாதிரி நிறையக் கடிதங்கள் வரும். அவற்றில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: வெளியூர்ப் பயணத்தை, பார்ட்டியை இழந்துவிட்டோம் என்று புலம்புகிறவர்கள் குறைவு. கதவைச் சாத்திக்கொண்டு குளித்ததைத்தான் நினைக்கிறார்கள். இப்போது உள்ளே போய் ஒரு நிமிஷம் ஆவதற்குள் கதவுக்கு அடியில் நாலு குட்டி விரல் நுழைந்து ஆடும், கூடவே ஒரு ஸ்பூனும் தள்ளப்பட்டு உள்ளே வரும், எதற்கு என்று அதை அனுப்பிய ஆளுக்கே தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு சும்மா கிளம்பினதை நினைக்கிறார்கள். மாற்றுத்துணி, டயப்பர், தண்ணீர், அந்தக் குறிப்பிட்ட பொம்மை (வேறு பொம்மை ஆகாது) எல்லாவற்றையும் பையில் அடைத்துப் பூட்டைக் கையில் எடுக்கும்போதுதான் குழந்தை டயப்பரை நிரப்பி வைக்கும், திரும்ப உள்ளே போக வேண்டும். எனக்கு எல்லாவற்றையும்விட நியாயமாகத் தோன்றியது ஒரு வாசகி எழுதிய வரி. காய்ச்சல் வந்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிற உரிமை போய்விட்டது என்று எழுதியிருந்தார். வெறும் ஓய்வு நேரம் போனது மட்டும் இல்லை இது. முன்பெல்லாம் ஒரு மதியத்தை வீணாக்கினால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, இப்போது நீங்கள் உட்காருகிற ஒவ்வொரு நிமிஷமும் இன்னொருவர் பார்த்துக்கொள்கிற நிமிஷம்.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் புலம்பலுக்குக் காரணமே அதுதான். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் வேண்டும், ராத்திரி பகல் என்கிற கணக்கு அதன் உடம்புக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். ஜெர்மனியில் 4,600க்கும் மேற்பட்ட பெற்றோரின் விவரங்களை வைத்து 2019இல் வந்த ஓர் ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் அம்மாக்களின் தூக்கம் கர்ப்பத்துக்கு முன் இருந்ததைவிட ஒரு மணி நேரம் குறைந்திருந்தது, அப்பாக்களுக்குக் கால் மணி நேரம்தான். அதைவிட முக்கியம், முதல் குழந்தைக்கு ஆறு வயது வரைக்கும்கூடப் பெற்றோரின் தூக்கம் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பவில்லை. நீங்கள் ஒன்றரை வருஷத்தில் நிற்கிறீர்கள். ஏக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"ஆசைப்பட்டுப் பெத்த பிள்ளைதானே" என்கிற உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்கிறேன். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 2004இல் டெக்சாஸில் 909 வேலைக்குப் போகும் பெண்களிடம், முந்தின நாளை வேலை வேலையாகப் பிரித்து எப்படி இருந்தது என்று கேட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது டிவி பார்ப்பதற்குக் கீழேதான் வந்தது, சமையலுக்கும் கீழே. பிள்ளைமேல் ஆசை இருப்பதும், அதற்குச் சட்டை மாட்டிவிடுகிற அந்த இருபது நிமிஷம் கொடுமையாக இருப்பதும் ஒரே ஆளுக்குள் தாராளமாக நடக்கும்.

சரி, என்ன செய்யலாம்? வாரத்தில் ஒரு நாள் நாலு மணி நேரம் அவர் குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். நீங்கள் வெளியே போனால் கடைச் சாமான் வாங்கிக்கொண்டுதான் திரும்புவீர்கள். பையை அவரே அடுக்கட்டும், "டயப்பர் எங்கே இருக்கு" என்று போன் வரக் கூடாது. அந்த நேரத்தில் துணி மடிக்காதீர்கள், தயவுசெய்து. இன்னொன்று: எதிலுமே மனசு ஒட்டாமல், அழுகையும் பயமுமாக இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது ஏக்கம் இல்லை, டாக்டரைப் பாருங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

கேள்வி: எல்லாரும் அம்மாக்களையே கேட்கிறார்கள். எனக்கும் ஏக்கம் உண்டு மேடம். ஒரே வீட்டில் இருக்கிற என் மனைவியைத்தான் நான் மிஸ் பண்ணுகிறேன்.
(எட்டு மாதக் குழந்தையின் அப்பா)

பதில்: நீங்கள் கேட்டதில் எனக்குச் சந்தோஷம், ஆண்கள் இதை எழுதுவது அபூர்வம். தம்பதிகளைப் பல வருஷம் ஆராய்ந்த ஜான் காட்மன், குழந்தை பிறந்த முதல் மூன்று வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தம்பதிகளுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த திருப்தி குறைகிறது என்கிறார். உங்கள் வீட்டுப் பேச்சை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்: பால் குடிச்சானா, ஊசி எப்போ, நீ தூக்கு, நான் தூக்குறேன். ஷிப்ட் மாற்றிக்கொள்கிற இரண்டு பேர் பேசுகிற பேச்சு. பகல் முழுக்க ஒரு குழந்தை மேலேயே ஏறிக் கிடந்த உடம்புக்கு, ராத்திரி இன்னொரு கை மேலே படாமல் இருந்தால் போதும் என்றுதான் தோன்றும். அது உங்கள்மேல் கோபம் இல்லை. அவர் சொல்லாமலேயே ராத்திரி ஒரு முறையாவது எழுந்து குழந்தையைத் தூக்குங்கள், அப்புறம் பத்து நிமிஷம் குழந்தைப் பேச்சே எடுக்காமல் ஏதாவது பேசுங்கள். ஊர் வம்பு பேசினாலும் பரவாயில்லை, ஊர் வம்புதான் நல்லது என்பேன்.

கேள்வி: அடுத்த வருஷம் குழந்தை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குள் என்னென்ன செய்து முடிக்கலாம்?

பதில்: பட்டியல் போடாதீர்கள். தூக்கத்தைச் சேர்த்து வைக்க முடியாது, பயணத்தையும் அப்படித்தான். ராத்திரி யார் எழுவது என்பதை மட்டும் இப்போதே பேசி வையுங்கள், மூன்று மணிக்கு அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் பேசவே முடியாது.

கேள்வி: எனக்குக் குழந்தை இல்லை. என் நெருங்கிய தோழிக்குப் பிறந்ததிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவதே இல்லை. நாங்கள் சுற்றின நாட்களை அவள் நினைப்பாளா, இல்லை நான் மட்டும்தானா?

பதில்: நினைப்பாள். உங்கள் மெசேஜைப் படித்திருப்பாள், பதிலை மனசுக்குள் எழுதியும் இருப்பாள், அதற்குள் குழந்தை எதையோ வாயில் போட்டிருக்கும். மூன்று நாள் கழித்துப் பதில் போட வெட்கப்பட்டு அப்படியே விட்டிருப்பாள். "எப்போ ஃப்ரீ" என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. நீங்கள் கிளம்பிப் போங்கள், ஒரு மணி நேரம் இருங்கள், உபசரிக்க விடாதீர்கள். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, அவளுடைய வேலை, அவள் படித்தது, அவள் சண்டை போட்ட ஆள் என்று ஏதாவது கேளுங்கள். பாதியில் எழுந்து போவாள், பேச்சு அறுந்துபோகும். திரும்பி வந்ததும் எங்கே விட்டீர்களோ அங்கிருந்தே நீங்களாக ஆரம்பியுங்கள், அவளுக்கு ஞாபகம் இருக்காது.