குழுப் பணத்தை எதில் போடுவது? மேல்மலை உழவர்களின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் உழவர் குழுவில் இருபது குடும்பங்கள் இருக்கின்றன. பூண்டு, உருளை, கேரட் போடுகிறோம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் 4 லட்சத்தை நெருங்குகிறது. மழை வலுத்தால் மண் சரிகிறது. பாதை அடைபட்டால் காய் தோட்டத்திலேயே அழுகுகிறது. சரக்கு வண்டி வாங்கலாம் என்கிறார்கள் பாதிப் பேர். பயிர்க் காப்பீடு கட்டலாம் என்கிறார்கள் சிலர், தடுப்புச் சுவர் எழுப்பலாம் என்கிறார்கள் மற்றவர்கள். பொருளாதார ஆய்வுகள் இதற்கு ஏதாவது வழி சொல்கின்றனவா ஐயா?

பதில்: சொல்கின்றன. ஆனால் பணத்தைத் தொடுவதற்கு முன்னால், குழுவாக உட்கார்ந்து இதுவரை பட்ட நட்டங்களை ஒரு நோட்டில் எழுதி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் வந்தது எது, ஊருக்கே ஒன்றாக வந்தது எது? காட்டெருமை ஒருவருடைய கேரட்டை மிதித்தது, ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தது எல்லாம் முதல் வகை. 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்து மலைப்பாதைகளை அடைத்ததே, அது இரண்டாம் வகை. அப்படி ஒரு நாளில் இருபது வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். யார் யாருக்குக் கொடுப்பது?

ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற வேளாண் ஆய்வு நிறுவனம் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் சில கிராமங்களில் பல ஆண்டுகள் வீடு வீடாக வரவு செலவு எழுதி வைத்தது. அந்தக் கணக்கைக் கொண்டு பொருளாதார அறிஞர் ராபர்ட் டவுன்சென்ட் 1994இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஒரு குடும்பத்தின் வருமானம் விழுந்தாலும் அதன் சாப்பாட்டுச் செலவு அந்த அளவுக்கு விழவில்லை என்று அவர் கண்டார். கடன், கைமாற்று, உறவு எல்லாம் சேர்ந்து தாங்கிக்கொள்கின்றன. ஊர் முழுவதற்கும் வறட்சி வந்தால் எல்லார் தட்டிலும் குறைந்தது. நிலமில்லாதவர்களுக்கு மட்டும் இந்தத் தாங்கலே குறைவு. அதே கிராமங்களின் கணக்கை வைத்து 1989இல் வந்த இன்னொரு ஆய்வு, மகளைத் தள்ளியுள்ள ஊரில் கட்டிக்கொடுப்பதும் ஒரு காப்பீடுதான் என்று காட்டியது: இங்கே மழை பொய்க்கும்போது சம்பந்தி ஊரில் பெய்திருக்கலாம். நம் பாட்டிமாருக்கு இது தெரியாததல்ல.

ஆகவே தனி வீட்டு நட்டத்துக்குக் குழுப் பணம் போதும். ஊருக்கே வரும் நட்டத்துக்கு மலைக்கு வெளியிலிருந்துதான் பணம் வர வேண்டும். பயிர்க் காப்பீடு அங்கேதான் உதவுகிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிருக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். ஆனால் மகசூல் இழப்பைப் பொதுவாக உங்கள் தோட்டத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரியைத்தான் பார்ப்பார்கள். ஊரெல்லாம் விளைந்து உங்களுக்கு மட்டும் போனால் அந்த வழியில் பைசா வராது. நிலச்சரிவு, ஆலங்கட்டி மழை போன்றவை இதற்கு விலக்கு. அவற்றுக்குத் தனித் தோட்டத்தையே பார்த்து மதிப்பிடலாம், ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். 14447 என்ற எண்ணை எல்லார் கைப்பேசியிலும் இப்போதே பதிந்து வையுங்கள்; மழையில் தேடிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் பயிர் உங்கள் பிர்காவில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா, கட்டக் கடைசி நாள் எது என்பதைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இப்படி ஓட்டையுள்ள காப்பீடு எதற்கு என்று கேட்பீர்கள். யேல் பல்கலைக்கழகத்தின் முஷ்ஃபிக் மொபாரக்கும் மார்க் ரோசென்ஸ்வெய்கும் தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் செய்த மழைக் காப்பீட்டு ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. அதுவும் தனித் தோட்டத்தைப் பார்க்காமல், பதிவான மழையைப் பார்த்துப் பணம் தரும் காப்பீடுதான். தனி நட்டத்தை உறவும் சாதிசனமும் தாங்கும் இடங்களில் இத்தகைய காப்பீட்டின் குறை அவ்வளவாக உறுத்தவில்லை. காப்பீடு விடும் ஓட்டையை உறவு அடைத்தது, உறவு தாங்க முடியாததைக் காப்பீடு தாங்கியது. காப்பீடு கிடைத்த தமிழ்நாட்டு நெல் விவசாயிகள், ஆபத்து கூடினாலும் மகசூல் கூடுதலான ரகங்களுக்குத் துணிந்து மாறினார்கள் என்பதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். பயம் குறைந்தால் நல்ல ஆண்டின் வருமானமும் கூடுகிறது.

பிரீமியத்தை அவரவர் பரப்புக்கு ஏற்ப அவரவரே கட்டட்டும். குழு நிதியில் சுமார் 1 லட்சத்தைத் தனி வீட்டு அவசரத்துக்கு ஒதுக்குங்கள். அரசு நிவாரணம் வரும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். 2022 முதல் 2026 வரைக்கான மத்திய விதிமுறைப்படி, 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போனால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைதான் என்று இருந்தது. பூண்டுக்கு விதைச் செலவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

மிச்சப் பணத்தின் பெரும்பங்கு வடிகாலுக்குப் போக வேண்டும். நீலகிரியில் 2009 நவம்பர் கனமழையில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மண்ணுக்குள் இறங்கி வெளியேற வழியில்லாத நீர், மண்ணின் எடையைக் கூட்டிப் பிடிப்பைத் தளர்த்துவதால்தான் சரிவு வருகிறது. கசிவுத் துளை விடாத தடுப்புச் சுவர் அந்த நீரைத் தேக்கிவைத்துக் கடைசியில் தானும் சாயும். மேலே இருப்பவர் தோட்டத்து நீர் கீழே இருப்பவர் தலையில்தான் இறங்குகிறது. மேலே இருப்பவருக்குத் தன் செலவில் வாய்க்கால் வெட்ட ஆதாயம் இல்லை. கீழே இருப்பவருக்கோ மேலே போய் வெட்ட உரிமை இல்லை. தனி ஆள் செய்யாத வேலை இது, குழுவால் மட்டுமே ஆகும். மலை உச்சியிலிருந்து ஓடை வரை நீர் போகும் பாதையை எல்லாருமாக நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களைத் திறந்து, நீரைக் கல் பதித்த வாய்க்காலில் சேர்த்துவிடுங்கள். உருளைக்குச் சரிவோடு பாத்தி பிடிப்பவர்கள் மலைப்பக்கமாகச் சற்றே சாயும் உள்சாய்வுப் படிமட்டத்துக்கு மாறட்டும். ஊட்டியில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தில் ஆலோசனை கேட்கலாம். ஊரக வேலைத் திட்டத்தில் கூலியை ஏற்க முடியுமா என்று ஊராட்சியில் கேட்டால், உங்கள் பணம் கல்லுக்கும் சிமெண்டுக்கும் மட்டும் போகும்.

வண்டி வேண்டாம். பாதை அடைபட்ட நாளில் சொந்த வண்டியும் நிற்கத்தான் செய்யும். மற்ற நாளில் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்த ஆசையைப் பூண்டு உலர்த்தும் கொட்டகைப் பக்கம் திருப்புங்கள். கேரட் காத்திருக்காது, நன்றாகக் காய்ந்த மலைப்பூண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். அப்புறம் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு நீங்கள் நினைத்த வாரத்தில் இறக்கலாம். அறுவடை சமயத்தில் கடன் கிடைத்த கென்யா மக்காச்சோள விவசாயிகள், விலை ஏறும்வரை சரக்கை வைத்திருந்து கூடுதல் லாபம் பார்த்ததை 2019இல் வந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில், விளைபொருளை ஈடாக வைத்து வாங்கும் பொருளீட்டுக் கடன் உண்டு; பூண்டுக்குத் தருவார்களா என்று விசாரியுங்கள்.

உங்கள் தோட்டத்தில் கூலிக்கு வருபவர்களைப் பற்றிக் கேள்வியில் ஒரு வார்த்தையும் இல்லை. நில உடைமையாளருக்கு மட்டும் காப்பீடு இருந்தால் கூலி வேலை மழையோடு இன்னும் அதிகமாக ஏறி இறங்கும் என்பதையும் மொபாரக், ரோசென்ஸ்வெய்க் ஆய்வு காட்டுகிறது. மண் சரிந்தால் முதலில் மாட்டுபவர்களும் அவர்கள்தான். பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். இயற்கைச் சீற்றத்தால் நேரும் விபத்து மரணத்துக்கும் 2 லட்சம் உண்டு. 18 முதல் 70 வயதுக்குள் இருக்கும் கூலித் தொழிலாளர்கள் எல்லாருக்கும் குழு நிதியிலிருந்தே அந்த 20 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து பிடிப்பார்கள், அதற்கு முன்பே ஒவ்வொருவர் கணக்கும் உயிரோடு இருக்கிறதா என்று ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.