சராசரிக்குள் மறையும் கிராமம்

கேள்வி: மாவட்டப் புள்ளிவிபரங்களைக் கொண்டு எங்கள் ஊரின் வறுமையை அறிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், நெடுந்தீவு

பதில்: மாவட்டச் சராசரி மட்டும் போதாது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளுள் நகரை ஒட்டிய நல்லூரும் உண்டு, கடலுக்கு நடுவே உள்ள நெடுந்தீவும் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்கினால், மேலதிக வைத்தியத்துக்காகப் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவேண்டிய தீவு மக்களின் இடர் அதில் தெரியாது. ஆகவே மிகச் சிறிய நிர்வாக அலகான கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் குடிநீர், மலசலகூடம், பாடசாலை இடைவிலகல், பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். நலன்புரிக் கொடுப்பனவு பெறுவோரின் தொகையை மாத்திரம் வறுமையின் அளவாகக் கொள்ள வேண்டாம். விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் அதில் இல்லை, என்னைப் பொறுத்தவரை முதலில் தேடப்பட வேண்டியவர்கள் அவர்களே. சிறிய கிராமத்தில் ஐந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தாலே வீதம் பெரிதும் மாறிவிடும் என்பதால், வீதத்துடன் எண்ணிக்கையையும் கேட்டுப் பெறுங்கள்.