வாசகர் கேள்வி – பதில்: கிஸ்ஸுய்சோ விடுதியின் அரிச்சுவடி

சென்ற இதழில் வளரிளம் பருவத்தைப் பேசும் ஜப்பானிய அனிமேத் தொடர்களைப் பற்றி எழுதியபோது, 'ஹனசாகு இரோஹா'வை இரண்டே வரிகளில் கடந்து சென்றுவிட்டேன். அது சரியில்லை என்று எழுதிய வாசகர்களுக்கு நன்றி. இந்த இதழின் பக்கம் முழுவதையும் அந்தத் தொடருக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: தொடரின் கதை என்ன? பெயரின் பொருளையும் சொல்லுங்கள்.

பதில்: டோக்கியோவில் தாயுடன் வாழும் பதினாறு வயதுப் பெண் மாட்சுமாயே ஓஹனா. தாய் சாட்சுகி, கடன் தொல்லையில் சிக்கிய தன் காதலனோடு ஊரை விட்டு ஓடும்போது, மகளை அவள் ஒருநாளும் பார்த்திராத பாட்டியிடம் அனுப்பிவிடுகிறாள். பாட்டி ஷிஜிமா சுய், மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகளுள்ள ஒரு சிற்றூரில் 'கிஸ்ஸுய்சோ' என்ற பழைய விடுதியை நடத்துகிறார். பேத்தி வந்துவிட்டாளே என்று அவர் உச்சி முகரவில்லை. உழைக்காதவருக்கு இங்கே சோறில்லை என்று சொல்லி, அன்றே வேலையில் இறக்கிவிடுகிறார். பள்ளி நேரம் போக மீதிப் பொழுதெல்லாம் ஓஹனா விடுதிப் பணியாளராகிறாள்.

2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 பகுதிகளாக ஒளிபரப்பான இத்தொடரை ஆண்டோ மசாஹிரோ இயக்கினார். கதையமைப்பு ஒகாடா மாரியுடையது. தொயாமா மாநிலத்திலிருந்து இயங்கும் பி.ஏ. வொர்க்ஸ் நிறுவனம் தன் பத்தாண்டு நிறைவையொட்டி உருவாக்கிய படைப்பு இது.

'ஹனசாகு' என்றால் பூக்கின்ற என்று பொருள். 'இரோஹா' என்பது ஜப்பானிய அசையெழுத்துகள் நாற்பத்தேழும் ஒவ்வொரு முறை மட்டுமே வரும்படி அமைந்த பழம்பாடலின் முதல் மூன்று எழுத்து. மணம் வீசும் மலர்களும் உதிர்ந்துதான் போகும் என்று தொடங்கும் அந்தப் பாடலின் வரிசையிலேயே ஒரு காலத்தில் குழந்தைகள் எழுத்துப் படித்தார்கள். அதனால், எந்தத் தொழிலுக்கும் உரிய முதற்பாடத்தை 'இரோஹா' என்று சொல்வது அங்கே வழக்கமாயிற்று. நம் மொழியில் 'அரிச்சுவடி' என்ற சொல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பூக்கும் பருவத்து அரிச்சுவடி என்று தலைப்பைப் படித்துக்கொண்டால், தொடர் எதைப் பற்றியது என்பது விளங்கிவிடும்.

கேள்வி: ஒரு விடுதியில் தரை துடைப்பதையும் தட்டு எடுத்துச் செல்வதையும் 26 பகுதிகள் பார்ப்பதில் என்ன சுவை இருக்கிறது?

பதில்: என் அனுபவத்தில் சுவையே அங்கேதான் இருக்கிறது. ஜப்பானின் பாரம்பரிய விடுதியான ரியோகானில், அறை வாடகையோடு இரவு உணவும் காலை உணவும் சேர்ந்தே வரும். விடுதியின் தலைவியை 'ஒகாமி' என்பார்கள். விருந்தினரை வரவேற்பதிலிருந்து வழியனுப்புவது வரை எல்லாமே அவர் பெயரில் நிற்கும். அறைகளைக் கவனித்து, உணவு பரிமாறி, இரவில் மெத்தை விரிக்கும் பெண்கள் 'நகாய்' எனப்படுவர். சமையற்கட்டு தனி உலகம். அங்கே தலைமைச் சமையல்காரர் வைத்ததே சட்டம்.

நகாய் ஒருவர் விருந்தினரின் அறைக்குள் நுழைவதைக் கூர்ந்து பாருங்கள். வாசலில் மண்டியிட்டு, கையிலிருப்பதைப் பக்கத்தில் வைத்து, உள்ளே குரல் கொடுத்து, காகிதக் கதவை முதலில் சிறிதளவும் பிறகு முழுவதுமாகவும் நகர்த்தி, தலை வணங்கிய பிறகே உள்ளே செல்கிறார். நின்றபடி கதவைத் திறந்தால் என்ன குறைந்துவிடும் என்று முதலில் தோன்றும். அமர்ந்திருக்கும் விருந்தினருக்கு மேலாக நின்று பார்ப்பது மரியாதை அல்ல என்பதும், கதவு படிப்படியாகத் திறக்கும்போது உள்ளே இருப்பவருக்குத் தம்மைச் சரிசெய்துகொள்ள ஒரு கணம் கிடைக்கிறது என்பதும் பார்க்கப் பார்க்கத்தான் புரியும்.

ஓஹனாவுக்கு இவை எதுவும் தெரியாது. ஆர்வம் மட்டும் நிறைய இருக்கிறது. வந்த புதிதில், களை என்று நினைத்து, சமையல் பழகும் மின்கோ ஆசையாக வளர்த்த செடிகளைப் பிடுங்கிவிடுகிறாள். மின்கோ அவளை மன்னிப்பதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. நல்லெண்ணம் இருந்தால் போதாது, செய்யும் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதை இத்தொடர் யாருடைய வாயாலும் சொல்லாமல், பிடுங்கப்பட்ட அந்தச் செடிகளைக் கொண்டே காட்டிவிடுகிறது.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

பதில்: இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் பொறுக்கலாம் என்பதே என் கருத்து. தொடக்கப் பகுதிகளில், விடுதியில் தங்கியிருக்கும் எழுத்தாளர் ஒருவர் ஓஹனாவைக் கட்டிப்போடும் நிகழ்ச்சி வருகிறது. அதை வேடிக்கை போலக் கையாண்டிருப்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. குளியல் காட்சிகள் சிலவும் கதைக்குத் தேவையற்றவை. இவ்வளவு நல்ல தொடரில் இந்தக் குறைகள் இருப்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கேள்வி: அந்த ஊர் உண்மையில் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. தொடரில் 'யுனோசாகி' என்று வரும் ஊருக்கு மூலம், இஷிகாவா மாநிலத்தின் கனஸாவா நகரைச் சேர்ந்த யுவாக்கு வெந்நீர் ஊற்று. அடிபட்ட வெண்கொக்கு ஒன்று அந்த நீரில் நின்று குணமானதைக் கண்டே ஊற்று அறியப்பட்டதாக ஐதீகம். கற்பனை ஊரின் பெயரிலும் 'கொக்கு' என்று பொருள்படும் 'சாகி' இருப்பதைக் கவனியுங்கள். பாத்திரங்களின் பெயர்களிலும் அந்த மண் இருக்கிறது. வகுரா, வாஜிமா, ஓஷிமிசு, சுருகி ஆகிய எல்லாமே இஷிகாவா மாநிலத்து ஊர்ப் பெயர்கள்.

என்னை மிகவும் நெகிழவைத்த செய்தி ஒன்று உண்டு. கதையின் இறுதியில் 'போன்போரி' விழா வருகிறது. பத்தாம் மாதத்தில் தெய்வங்கள் எல்லாம் இசுமோ என்ற தலத்தில் கூடுவதாக ஜப்பானியர் நம்புவது பழைய வழக்கம்; அங்கே செல்லும் ஒரு சிறுமித் தெய்வம் வழி தவறாமலிருக்க, ஊரார் காகித விளக்குகளை ஏற்றி வைத்து, தங்கள் வேண்டுதல்களையும் எழுதித் தொங்கவிடுகிறார்கள். இந்த விழா கதைக்காகப் புனையப்பட்டது. ஆனால், 2011 அக்டோபரில் யுவாக்கு மக்கள் அதை உண்மையாகவே கொண்டாடினார்கள். அதன் பிறகும் தொடர்ந்து நடத்திவருகிறார்கள். வேண்டுதல் எழுதிய பலகைகளை விழாவின் முடிவில் ஏரிக்கரையில் தீயிலிட்டு விண்ணுக்கு அனுப்புகிறார்கள். கதையில் மட்டுமே இருந்த ஒரு தெய்வத்துக்காக ஓர் ஊரே விளக்கேற்றுகிறது.

தொடரில் வரும் ரயில் நிலையத்தின் மூலம், யுவாக்குவுக்குத் தொலைவில் நோத்தோ தீபகற்பத்திலுள்ள நிஷிகிஷி நிலையம். 2024 ஜனவரி 1 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தால் அந்த ரயில் பாதை முடங்கி, ஏப்ரல் மாதம்தான் முழுமையாக மீண்டது. மீண்டும் வண்டி ஓடுகிறது என்று படித்த நாளில், சொந்த ஊர்ச் செய்தியைக் கேட்டதுபோல மகிழ்ந்தேன்.

கேள்வி: பேத்தியை அறையும் பாட்டியை எப்படி நேசிக்க முடியும்? கடைசியில் விடுதியை மூடுவதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பதில்: அறைவதை நானும் ஏற்கவில்லை. ஆயினும், சுய் என்ற அந்தப் பெண்மணியை முழுதாகப் பார்க்க 13ஆம் பகுதி வரை காத்திருக்க வேண்டும். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் சாட்சுகி, கிஸ்ஸுய்சோவை நேரில் பார்க்காமலே அதைப் பற்றிக் குறைவான மதிப்புரை எழுதிவிடுகிறாள். அவள் பிறந்து வளர்ந்த வீடே அதுதான். ஓஹனா டோக்கியோவுக்குச் சென்று போராடி, தாயை அங்கே அழைத்து வருகிறாள். மகளாக அல்ல, கட்டணம் செலுத்தும் விருந்தினராக. தொழிலுக்காகத் தான் கவனிக்காமல் விட்ட மகளுக்குத் தலைவணங்கும் சுய்யும், தன்னைக் கைவிட்டுச் சென்ற தாய்க்குப் பரிமாறும் ஓஹனாவும் அந்த இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். மன்னிப்பு என்ற சொல்லை எவரும் உச்சரிப்பதில்லை. நேர்த்தியாகச் செய்யப்பட்ட விருந்தோம்பலே மூன்று தலைமுறைப் பெண்களுக்கிடையே பேச்சாகிறது.

விடுதியை மூடும் முடிவையும் அந்தக் கண்ணோட்டத்திலேயே பார்க்கிறேன். கிஸ்ஸுய்சோ என்பது தானும் மறைந்த கணவரும் கண்ட கனவு. அதைச் சுமப்பதற்காக மற்றவர்களின் வாழ்நாள் செலவாகக் கூடாது என்று சுய் கருதுகிறார். பணியாளர்கள் எதிர்க்கிறார்கள், மகன் எனிஷி எதிர்க்கிறார். விழாவுக்குப் பிறகு விடுதி மூடப்படுகிறது. ஆனால், என்றாவது அதை மீண்டும் திறக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எனிஷி தொழில் பயிலச் செல்கிறார். ஓஹனாவோ பாட்டியைப் போல் ஆக வேண்டும் என்ற ஆசையோடு டோக்கியோ திரும்புகிறாள். தொடக்கத்தில் யாராகவாவது மாறினால் போதும், எதுவாகவாவது வாழ்க்கை மாறினால் போதும் என்றிருந்த பெண், யாரைப் போல் ஆவது என்று தெரிந்துகொண்டு ரயிலேறுகிறாள். விடுதி நிலைத்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளுடைய கதை அங்கேயே தேங்கியிருக்கும்.

கேள்வி: 2013இல் வந்த திரைப்படத்தையும் பார்க்க வேண்டுமா?

பதில்: தொடரை முடித்த பிறகு அவசியம் பாருங்கள். விடுதி மூடப்படுவதற்கு முன் நடக்கும் கதை அது. சாமான் அறையைச் சுத்தம் செய்யும்போது, கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் எழுதிவைத்த பழைய பணிக்குறிப்பேடு ஓஹனாவின் கையில் கிடைக்கிறது. அதன் பக்கங்களில், தன் வயதில் அதே விடுதியிலிருந்து தப்பிச் செல்லத் துடித்த சாட்சுகியை அவள் முதன்முதலாகச் சந்திக்கிறாள்.