சிறுநீரகக் கல்: அதிர்வலையா, லேசரா, முதுகில் துளையா?

கேள்வி: என் வயது 42. வலது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 14 மி.மீ. கல் இருக்கிறது. அதிர்வலை கொடுத்து உடைக்கலாம் என்கிறார் ஒரு மருத்துவர். லேசர்தான் சரி என்கிறார் இன்னொருவர். முதுகில் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: மூவருமே தவறாகச் சொல்லவில்லை. கீழ் அறையில் 10 முதல் 20 மி.மீ. வரை உள்ள கல்லுக்கு இந்த மூன்றுமே பொருந்தக்கூடும். அளவை மட்டும் வைத்து இதில் முடிவெடுக்க முடியாது. மருந்து செலுத்தாமல் எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கை வேண்டும். அல்ட்ராசவுண்டில் கல் பெரும்பாலும் நிஜத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். அதை மட்டும் நம்பி நாள் குறிக்காதீர்கள்.

சி.டி.யில் முதலில் பார்க்க வேண்டியது கல்லின் அடர்த்தி. 'எச்.யு.' என்று போட்டிருப்பார்கள். 1000-ஐத் தாண்டிய கல் அதிர்வலைக்கு லேசில் உடையாது. அடுத்தது, தோலுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம். உடல் பருமனால் அது 10 செ.மீ.க்கு மேல் போனால் அலையின் வீரியம் குறைந்துவிடும். மூன்றாவதைத்தான் பலர் கேட்பதே இல்லை: கீழ் அறையிலிருந்து வெளிவரும் வழி எப்படி இருக்கிறது? அது குறுகி, நீண்டு, செங்குத்தாக வளைந்திருந்தால் உடைந்த துகள்கள் மேலேறி வரமுடியாமல் அங்கேயே தங்கும். சிகிச்சை முடிந்தது என்று நீங்கள் நினைத்திருக்க, அந்தத் துகள்களே மறுபடி கல்லாக வளரும்.

அடர்த்தி 600, 700 என்று இருந்து, உடலும் ஒல்லியாக, வழியும் அகலமாக இருந்தால் அதிர்வலையை முயன்று பார்க்கலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இரண்டு முறை கொடுத்தும் கல் அசையவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது முறை என்று இழுப்பதில் பயனில்லை. கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், சிறுநீரில் கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் அதிர்வலை கூடாது.

அடர்த்தி 1000-க்கு மேல் என்றால் என் பரிந்துரை, சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் கருவியை மேலே செலுத்திச் செய்யும் லேசர் சிகிச்சை (ஆர்.ஐ.ஆர்.எஸ்.). உடலில் வெட்டு கிடையாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சிலருக்குச் சிறுநீர்க்குழாய் இறுக்கமாக இருந்து கருவி மேலே ஏறாது. அப்போது வலுக்கட்டாயமாகத் தள்ளினால் குழாய் கிழியும். ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்) மட்டும் வைத்து அனுப்பி, ஓரிரு வாரம் கழித்துச் செய்வதே சரி. அதை 'ஆபரேஷன் தோல்வி' என்று எண்ண வேண்டாம்.

வளைவு மிகக் கூர்மையாக இருந்து லேசர் கருவியே கல்லை எட்டாது என்றால் முதுகுத் துளைதான். இப்போது 5, 6 மி.மீ. துளையிலேயே இதைச் செய்கிறார்கள். கல் ஒரே தடவையில் முழுதாகப் போகும் வாய்ப்பு இதில் அதிகம். ரத்தக்கசிவும் மற்ற இரண்டைவிட அதிகம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை நோயாளி. 26 மி.மீ. கல். முதுகில் துளை என்றதும் பயப்படுகிறார். லேசரில் முடியாதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 20 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு முதல் தேர்வு துளை வழிச் சிகிச்சைதான் (பி.சி.என்.எல்.). லேசரில் முடியாது என்றில்லை. ஆனால் இரண்டு, மூன்று முறை மயக்க மருந்து தேவைப்படலாம். உள்ளே நீரைப் பாய்ச்சிக்கொண்டே நீண்ட நேரம் கல்லைப் பொடிக்கும்போது, கல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து கூடுகிறது. சர்க்கரை நோயாளிக்கு அது சின்ன விஷயமல்ல.

எந்த முறையானாலும் அறுவைக்கு முன் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை அவசியம். கிருமி வளர்ந்தால் அதற்கேற்ற ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகே தியேட்டர். கல் அடைத்து, குளிர்காய்ச்சலும் வந்தால் கதை வேறு. அன்றே ஸ்டென்ட் அல்லது முதுகுக் குழாய் வைத்துச் சிறுநீரை வடிய விட வேண்டும். கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

துளை சிகிச்சைக்குப் பிறகு சில நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவது இயல்பு. வீட்டுக்கு வந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திடீரெனக் கட்டிகட்டியாக ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரகத்துக்குள் காயப்பட்ட ரத்தக்குழாய் கசிகிறது என்று பொருள். ஆஞ்சியோகிராம் வழியாகவே அதை அடைத்துவிடலாம்.

கேள்வி: லேசர் செய்து டி.ஜே. ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று வலிக்கிறது. ஏதேனும் கோளாறா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. ஸ்டென்டில் அடைப்பான் (வால்வு) கிடையாது. முக்கிச் சிறுநீர் கழிக்கும்போது கொஞ்சம் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே போகும், அந்த வலிதான். அடக்கி வைக்காமல், முக்காமல் போங்கள். டாம்சுலோசின் மாத்திரை பலருக்கு உதவுகிறது, மருத்துவரிடம் கேளுங்கள். எடுக்க வேண்டிய தேதியை மட்டும் மறக்காதீர்கள். 3 மாதத்தைத் தாண்டினால் ஸ்டென்ட் மேலேயே கல் படிந்து, அதை எடுக்கத் தனி ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்.

கேள்வி: எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை. சி.டி.யில் 12 மி.மீ., அடர்த்தி 400 என்று இருக்கிறது. ஆபரேஷன் அவசியமா?
– வாசகர், கோவை

பதில்: யூரிக் அமிலக் கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடைப்பும் காய்ச்சலும் இல்லையென்றால் கத்தி, லேசர் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவை 6.5 முதல் 7 வரை வைத்திருந்தால் இந்த வகைக் கல் கரையும். வீட்டிலேயே பட்டைக் காகிதத்தால் பார்த்துக் குறித்து வாருங்கள். 7-க்கு மேலே போக விட்டால் பாஸ்பேட் படிந்து புதுக் கல் உருவாகும். மருந்தைத் தொடங்குமுன் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பாருங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்.