ஆங்கிலத்தில் எந்த நாவலை எடுப்பது?

ஐயா, வணக்கம். தமிழ்வழியில் படித்தவன். ஈரோட்டில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன். நாவல் படித்தால் ஆங்கிலம் வரும் என்று நண்பர் சொன்னதால் 'வுதரிங் ஹைட்ஸ்' வாங்கினேன். மூன்று மாதமாக அகராதியும் கையுமாக உட்கார்ந்து 27 பக்கம் தாண்டியிருக்கிறேன். அதில் ஜோசப் என்ற வேலைக்காரர் பேசும் சொற்கள் அகராதியில்கூட இல்லை. கோளாறு என்னிடமா? எதைப் படிக்கலாம்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. ஜோசப் பேசுவது வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டார வழக்கு. நாவல் வெளிவந்தது 1847இல். அதை எழுதிய எமிலி பிராண்ட்டே இறந்தபின் 1850இல் மறுபதிப்பைக் கொண்டுவந்த அவருடைய அக்கா சார்லட், தென்னிங்கிலாந்துக்காரர்களுக்கு விளங்காது என்று ஜோசப்பின் பேச்சைத் திருத்தி எளிதாக்கினார். ஆங்கிலேயருக்கே அந்தக் கதி. கரிசல்காட்டுப் பேச்சில் எழுதிய நாவலை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் தமிழ் படிக்க உட்காருவதை நினைத்துப் பாருங்கள். உங்கள் நண்பர் அந்த நாவலைப் படித்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

எளிய ஆங்கிலம் என்றதும் பலரும் ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ'யைக் கைகாட்டுவார்கள். வாக்கியங்கள் எளியவைதான். ஆனால் முதல் பத்தியிலேயே சுருட்டிய தூண்டில் கயிறு, மீனை இழுக்கும் கொக்கி, எறியீட்டி, பாய்மரம் என்று வரிசை கட்டி நிற்கும். கடற்கரையில் வளர்ந்தவர் தாண்டிவிடுவார். பார்த்தேயிராத பொருளுக்கு அகராதி என்ன செய்யும்?

ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' (1935) எடுங்கள். திங்கட்கிழமை காலை கண் திறக்க மனமில்லாத ஒரு பையன். முடிக்காத வீட்டுப்பாடத்தில் லாபநட்டக் கணக்குகள் ஐந்து. ஆங்கிலப் பாடத்தில் கடினச் சொற்களுக்கு அகராதிப் பொருள் எழுதும் வேலை வேறு! கணக்கு எழுதுபவர், அகராதியோடு மல்லுக்கட்டுபவர், உங்களைவிடப் பொருத்தமான வாசகர் யார்? பிரம்பு, பாட்டி, கிரிக்கெட் எல்லாம் நீங்கள் அறிந்த உலகம். அங்கே தெரியாத சொல் வந்தாலும் முன்பின் நடப்பது அதன் பொருளைச் சொல்லிவிடும்.

அடுத்து அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939). ஒரு தீவு, பத்துப் பேர், நிறைய உரையாடல். அடுத்து சாகப்போவது யார் என்ற பதைப்பில் அகராதிப் பக்கம் கை போகாது. இலக்கியப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

குறிப்பிட்ட எண்ணிக்கைச் சொற்களுக்குள் அடக்கி நாவல்களை எளிமைப்படுத்திய பதிப்புகளையும் கேவலமாக நினைக்க வேண்டாம். அந்த முறைக்கு வழி வகுத்தவர்களில் ஒருவரான மைக்கேல் வெஸ்ட், 1920களில் டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். வங்காள மாணவர்களின் திண்டாட்டத்தைப் பார்த்துத்தான் தன் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். இரண்டு மூன்று படியுங்கள். அதற்குமேல் வேண்டாம், எழுத்தாளரின் குரல் அவற்றில் கேட்காது.

எந்த நாவலானாலும் கடையில் நின்றபடியே நடுவில் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். தெரியாத சொல் ஐந்தாறைத் தாண்டினால் அலமாரியிலேயே வைத்துவிடலாம். வீட்டில் அத்தியாயம் முடிந்தபின் அகராதியைத் திறந்தால் போதும், அதுவும் திரும்பத் திரும்ப வந்து தொந்தரவு செய்த சொற்களுக்கு மட்டும்.

வுதரிங் ஹைட்ஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான்கைந்து வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஜோசப் முழுதாக விளங்கமாட்டார். நானே இன்றுவரை அவரைத் தாண்டித்தான் போகிறேன்.