எச்1 பதிவேடு, கேமரா, கணினி: மருந்துக்கடைக்காரர்கள் கேட்டவை

கே: எச்1 (டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்று, தனியாகப் பதிய வேண்டிய மருந்துகள்) விற்பனை எல்லாம் பில்லிங் சாஃப்ட்வேரிலேயே இருக்கிறதே, தனிப் பதிவேடு எதற்கு? (மேலூர்)

ப: பில் வேறு, பதிவேடு வேறு. டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு இவை தனியாக இருக்கவேண்டும், 3 வருஷம் இருக்கவேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. சாஃப்ட்வேரில் எச்1 ரிப்போர்ட் இருந்தால் தினமும் பிரிண்ட் எடுத்து ஃபார்மசிஸ்ட் கையெழுத்தோடு வையுங்கள். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று மருந்து ஆய்வாளரிடம் சொல்லிப் பயனில்லை.

கே: ஷெட்யூல் எக்ஸ் (இன்னும் கடும் கட்டுப்பாடு உள்ள) மருந்துக்கும் அதே பதிவேடு போதுமா? (உசிலம்பட்டி)

ப: போதாது. அதை விற்பதற்கான 20-எஃப் உரிமம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மருந்து உங்கள் கடையிலேயே இருக்கக்கூடாது. உரிமம் இருந்தால், டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வாங்கி ஒன்றை 2 வருஷம் வைத்திருங்கள். மருந்து பூட்டுக்குள் இருக்கட்டும்.

கே: கலெக்டர் உத்தரவு என்று கேமரா வைத்தோம். அப்புறமும் ஆய்வில் குறை சொல்கிறார்கள். (ஆரப்பாளையம்)

ப: என்ன குறை என்று எழுதாமல் கேட்டால் எப்படி? கேமரா கல்லாவைப் பார்த்தால் அது உங்கள் பணத்துக்குக் காவல், அவ்வளவுதான். சீட்டும் மருந்தும் கைமாறும் இடம் அதில் தெரியவேண்டும்.

கே: கூட்டம் அதிகம். மாசக் கடைசியில் எச்1 பதிவை மொத்தமாக ஏற்றினால் தப்பா? (சோழவந்தான்)

ப: தப்புதான். இதே கேள்வி மாசாமாசம் வருகிறது, எனக்கு ஆற்றமாட்டாமல் இருக்கிறது. பல சாஃப்ட்வேர்களில் பில் தேதி ஒன்று, பதிவு ஏற்றிய நேரம் இன்னொன்று என இரண்டுமே நிற்கும். ஒரு கடையின் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஒரு மாச அல்பிரசோலம் (தூக்க மாத்திரை), டிராமடால் (வலி மாத்திரை) விற்பனை முழுவதும் ஒரே ராத்திரியில் பத்து நிமிஷத்துக்குள் ஏற்றியிருந்தது. டாக்டர் கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே பெயர். பட்டியலில் முதலில் வரும் பெயரை யாரும் மாற்றவில்லை. அவர் கண் டாக்டர்! தூக்க மாத்திரை அத்தனையும் அவர் தலையில். நாளைக்கு ஒரு பையன் அந்த மாத்திரையோடு பிடிபட்டால் விசாரணை முதலில் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். நிஜமாக வாங்கியவன் யார் என்று உங்களுக்கே தெரியாது. டாக்டர் பெயருக்குப் பதில் "செல்ஃப்" என்று போடுவதும் இதே ரகம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்து கைமாறும்போதே பதியுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நிமிஷம் ஆகும், ஆகட்டும். வாரம் ஒரு தடவை பதிவில் உள்ள இருப்பையும் அலமாரியில் உள்ள ஸ்ட்ரிப்பையும் எண்ணிப் பாருங்கள்.

கே: அமெரிக்காவில் மகன் வலி மாத்திரை வாங்கப்போனால் கணினியில் பழைய விற்பனையைப் பார்க்கிறார்களாம். இங்கே உண்டா? (அண்ணாநகர்)

ப: அங்கே மாநிலவாரியாக அப்படித் தரவுத்தளம் இருக்கிறது. டெக்ஸாஸில் 2020 மார்ச்சிலிருந்து ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), தூக்க மாத்திரை வகைகளுக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும். இங்கே கடைக்குக் கடை அப்படி இணைப்பு இல்லை. ஒரே சீட்டோடு மாசி வீதியில் நாலு கடை ஏறினால், அடுத்த கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. கொடுத்த அளவைச் சீட்டிலேயே எழுதி, முத்திரை குத்தி, தேதி போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

கே: அட்டையில் கியூஆர் கோடு வந்துவிட்டதே, யார் வாங்கினார் என்று அரசுக்குத் தெரியுமா? (திருமங்கலம்)

ப: தெரியாது. 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்டில் வந்தது அது. பேட்ச், காலாவதி, தயாரிப்பாளர் விவரம்தான் அதில் இருக்கும். போலி மருந்தைக் கண்டுபிடிக்க உதவும், உங்கள் பதிவேட்டுக்கு மாற்றாகாது.

கே: ஃபார்மசிஸ்ட் லீவு. அவர் லாகினில் நானே பில் போடலாமா? (வாடிப்பட்டி)

ப: கூடாது. அன்றைக்குச் சீட்டு மருந்து எதையுமே கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டையும் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.